கறிவண்டிப் பாதை

என்மேல் லாரி ஏறிய அதே வாரத்தில்தான் அந்தப் புலிமேலும் லாரி ஏறியது. எனக்கு மல்லேஸ்வரம் சம்பிகே ரோட்டில். விடியற்காலையில் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது, நான் பெருக்கிய குப்பையை அள்ள வந்த லாரியே ரிவர்ஸில் வந்து ஏறியது. புலிக்கு மைசூர் தாண்டிக் காட்டு ரோட்டில், வெங்காய லாரி. எனக்கு வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். இடது கால் பேருக்குத் தொங்குகிறது. புலிக்குப் பின்னங்கால் ஒன்று போனது. நியாயமாகப் பார்த்தால் சேதம் எனக்குத்தான் அதிகம். அதற்கு இன்னும் மூன்று இருக்கிறது.

ஆனால் பேப்பரில் புலிக்கு அரைப் பக்கம், எனக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் முத்தம்மா என்கிற என் பேரை முனியம்மா என்று போட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு டி.வி. இருந்தது. அதில் தினமும் புலியைக் காட்டினார்கள். ஆபரேஷன் செய்ய வெளிநாட்டு டாக்டர் வந்தார். மந்திரி வந்து கம்பிக்கு வெளியே நின்று நலம் விசாரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து அதற்குப் பைரவா என்று பேர் சூட்டினார்கள். ஹசிருவனம் என்று நெலமங்கலா பக்கம் ஒரு வனவிலங்குப் பூங்கா. அங்கே அதற்குத் தனிக்கூண்டு. மூன்று காலில் நடக்கச் சிரமப்படக்கூடாது என்று கூண்டுக்குள் இருந்த படிகளை இடித்துச் சாய்தளம் போட்டு, வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் விரித்தார்கள். என் வார்டில் கக்கூசுக்கு ஏற மூன்று படி. உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து அந்தப் படிகளில் ஏறி இறங்கி, கட்டிலுக்குத் திரும்பி வந்து, புலி ரப்பர்மேல் நடப்பதைப் பார்த்தேன்.

பொறாமையா என்றால், ஆமாம், முதலில் வயிற்றெரிச்சல்தான். வீட்டுக்கு வந்த பிறகு அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் என்னைப் பார்க்கிற ஒவ்வொரு முகமும் "ஐயோ பாவம்" என்றது. பால்காரன் சொன்னான். கடன் கேட்க வந்தவள்கூடச் சொல்லிவிட்டுத்தான் கேட்டாள். பாவம் என்று நினைக்காமல் என்னை ஒரு தடவை நேருக்கு நேர் பார்க்கக்கூடிய ஜீவன் இந்த ஊரில் ஒன்றுதான் இருக்கிறது, அது அந்தப் புலி என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான் அதைப் பார்க்க வேண்டும், அது என்னைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

என் புருஷன் வெங்கடசாமி மார்க்கெட்டில் பூ விற்கிறவர். "புலியைப் பார்த்து இன்னா பண்ணப்போற?" என்றார்.

"நீ என்னைப் பார்த்து இன்னா பண்ற? அதே மாதிரிதான்."

லக்கேஜ் ஆட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கி, என்னையும் சக்கர நாற்காலியையும் பூக்கூடை மாதிரி ஏற்றிக்கொண்டு போனார்.

ஹசிருவனத்தின் வாசலில் சுழலும் இரும்புக் கம்பிக் கதவு. நாற்காலி நுழையவில்லை. காக்கிச் சட்டைக் காவலன் ஒருவன் வந்து நாற்காலியைச் சுற்றிப் பார்த்தான்.

"வண்டி உள்ள போவாதும்மா. டூவீலர் பார்க்கிங் அந்தப் பக்கம். டோக்கன் வாங்கிட்டு நடந்து வாங்க."

"நடக்க முடிஞ்சா இதுல எதுக்குய்யா வரேன்?"

"சக்கரம் இருந்தா வண்டிதான். ரூல்ஸ் அப்படி."

கடைசியில் அந்த வாசலுக்கே ஒரு சேவை உண்டு என்று தெரிந்தது. நடக்க முடியாத பார்வையாளர்களை ஊழியர்களே தூக்கிச் செல்வார்கள். நாற்காலிக்கு டோக்கன் போட்டார்கள். இரண்டு காவலர்கள் வந்தார்கள். ஒருவன் அக்குளில் கைகொடுத்தான். இன்னொருவன் காலைப் பிடிக்கக் குனிந்து, பிடிக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் புடவையைப் பிடித்தான். புலிக்கூண்டைப் பார்க்க உயரமான மேடை. அதற்கு நீளமான படிக்கட்டு. மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அக்குளைப் பிடித்தவனுக்குப் போன் வந்தது. அவன் போனை எடுத்தான்.

நான் படிபடியாகக் கீழே வந்தேன். முன்பல் இரண்டு முதலிலேயே வந்து சேர்ந்திருந்தன.

வெங்கடசாமி சாதுவான மனுஷன். அன்றைக்கு அந்தப் போன்காரனின் கன்னத்தில் ஒன்று வைத்தார். உடனே நாலு பேர் வந்தார்கள். வனவிலங்குகளைத் துன்புறுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதிய பலகைக்கு அடியில் வைத்து லத்தியால் அவரை அடித்தார்கள். ஒரு விலா எலும்பு முறிந்தது. வெங்கடசாமி வனவிலங்கு இல்லை. ஆகையால் சட்டப்படி அதில் தவறு கிடையாது. சுற்றி நின்ற ஜனம் கைப்பேசியில் படம் பிடித்தது. குரங்குக் கூண்டுப் பக்கம் இருந்தவர்கள்கூட ஓடி வந்து பிடித்தார்கள்.

அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த வாரமே பூங்காவின் டைரக்டர் ஞானசேகரனிடமிருந்து அழைப்பு வந்தது. சேலத்துப் பக்கத்து மனிதர், பெரிய படிப்புப் படித்தவர். 'அனைவருக்கும் வனம்' என்று ஒரு குழு அமைத்திருப்பதாகவும், மாற்றுத்திறனாளிகள் சார்பில் நான்தான் அதில் கௌரவ உறுப்பினர் என்றும் போனில் சொன்னார். என்னுடைய மாற்றுத்திறன் என்ன என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

குழுக் கூட்டம் மாடியில் நடந்தது. என்னைப் படிக்கட்டின் அடியில் துடைப்பங்கள் வைக்கிற இடத்தில் நிறுத்தி, கையில் ஒரு போனைக் கொடுத்தார்கள். மக்கள் தொடர்பு அதிகாரி வீணா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கேக்குதா மேடம், உங்களை இன்க்ளூட் பண்ணியாச்சு" என்றாள். வடையும் காபியும் மேலே போயின. எனக்குப் பேச்சு மட்டும் கீழே வந்தது.

"இந்தப் பூங்காவுல யாரையும் நாங்க வித்தியாசமா நடத்தறதே இல்லம்மா," என்றார் டைரக்டர். "கால் இருக்கறவங்களுக்கும் அதே படிதான், இல்லாதவங்களுக்கும் அதே படிதான். சமத்துவம்னா அதுதானே?"

"அப்ப புலிக்கு மட்டும் ஏன் சார் படியை இடிச்சீங்க?"

"புலி செத்தா டெல்லிக்கு நான் பதில் சொல்லணும்மா. விசிட்டர் செத்தா லோக்கல் போலீஸ் பார்த்துப்பாங்க."

மேலே தலையாட்டியிருப்பார்கள் போல. பிறகு பார்வையாளர் மேடைக்குச் சாய்தளம் கட்டத் தீர்மானம் நிறைவேறியது.

கான்டிராக்டர் உமேஷ் கட்டினான். நீளமாகக் கட்ட இடம் இல்லை, நடுவில் மந்திரி நட்ட மரம் இருந்தது. மரத்தைத் தொடக்கூடாது என்று உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நீளத்தைக் குறைத்தான். கட்டி முடித்தபோது அது சுவரில் சாய்த்து வைத்த பலகை போல் இருந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்கள். என் எடைக்கு ஒரு மணல் மூட்டை தயாரிக்க என்னை யானை எடைபார்க்கும் மேடையில் தூக்கி வைத்தார்கள். முள் அசையவில்லை. எடை இல்லை என்று எழுதிக்கொண்டு, குத்துமதிப்பாக ஒரு மூட்டை கட்டி, நாற்காலியில் வைத்து, மேலேயிருந்து விட்டார்கள்.

மூட்டை நேராக இறங்கிப் பியூனின் பாதத்தின்மேல் ஏறி, கம்பிவலையைப் பிய்த்துக்கொண்டு மான் கூட்டத்துக்குள் போய் ஒரு கலைமானின் கழுத்தை முறித்துவிட்டுத்தான் நின்றது. விசாரணை நடந்தது. பயணி பிரேக் பிடிக்காததே காரணம் என்று முடிவானது. மானுக்கு மலர்வளையம் வைத்தார்கள். பியூன் சொந்தச் செலவில் கட்டுப் போட்டுக்கொண்டார்.

இதோடு விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மந்திரி ஏற்கெனவே திறப்பு விழாவுக்குத் தேதி கொடுத்துவிட்டார். திறக்க ஏதாவது வேண்டும். டைரக்டர் ராத்திரி பகலாக யோசித்துக் கண்டுபிடித்தார். பூங்காவில் சரியான சரிவோடு, ஒரு படிகூட இல்லாமல், கூண்டின் ஓரம்வரை போகிற பாதை ஒன்று ஏற்கெனவே இருந்தது. சமையல் கொட்டகையிலிருந்து பைரவாவின் கூண்டுக்கு மாட்டுக்கறி போகிற பாதை.

அதற்கு ஒரு நடைமுறை உண்டு. தினமும் சாயங்காலம் நரேஷ் என்கிற ஊழியன் கறியைத் தள்ளுவண்டியில் வைத்து, மணி அடித்துக்கொண்டே அந்தச் சரிவில் இறங்குவான். பாதையின் முடிவில் கூண்டுச்சுவர். சுவரில் வண்டியின் உயரத்துக்கு, புலியின் தோள் நுழையாத அளவில் ஓர் இரும்பு ஷட்டர். வண்டி போய்ச் சுவரில் மோதியதும் நரேஷ் சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டுவான், ஷட்டர் மேலே ஏறும், புலி தலையை நீட்டிக் கறியை இழுத்துக்கொள்ளும். ஷட்டருக்குப் பக்கத்தில் கனத்த கம்பி போட்ட ஜன்னல். அதன் வழியாகப் புலியை ஒரு முழத் தூரத்தில் பார்க்கலாம்.

"மேடைல இருந்து பார்க்கறவங்களுக்குக்கூட இந்த வியூ கிடையாது மேடம்," என்றாள் வீணா.

என் நாற்காலி வெளிவண்டி என்பதால் அனுமதி இல்லை. புது நாற்காலி வாங்க மேலிடத்தில் கேட்டார்கள், வரவில்லை. அதனால் பூங்காவின் சொந்த வண்டியான கறிவண்டியின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். பக்கவாட்டில் மான் படம் ஒட்டினார்கள்.

விழா செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பூங்கா விடுமுறை, கூட்டம் இருக்காது, மந்திரியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை புலி சிங்கங்களுக்குப் பட்டினி நாளும்கூட. வாரத்தில் ஒரு நாள் வயிற்றைக் காயப்போட்டால்தான் அவற்றுக்கு ஆரோக்கியமாம். இது எல்லாருக்கும் தெரியும். டைரக்டருக்குத் தெரியும், பூங்கா டாக்டருக்குத் தெரியும், வீணா அதைப் பற்றி ஒரு சுவரொட்டியே அடித்திருந்தாள். அந்தச் செவ்வாயும் இந்தச் செவ்வாயும் ஒரே செவ்வாய் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

என்னைக் கறிவண்டியில் உட்காரவைத்துப் பாதையின் தலைப்பில் நிறுத்தினார்கள். ஃபினாயில் போட்டுக் கழுவியும் ரத்த வாடை போகவில்லை. மந்திரி வர நேரமாயிற்று. நரேஷ் என் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி நின்றான்.

"ஏம்பா, பயமா இல்லையா இந்த வேலை?" என்று பேச்சுக்கொடுத்தேன்.

"பயம் இன்னாக்கா பயம். ஒரு தபா கறி அழுகி இருந்துச்சு, புழு நெளியுது. இதையா குடுக்கறதுன்னு சங்கிலி இழுக்காம நின்னுட்டேன். டைரக்டர் சார் மெமோ குடுத்துட்டாரு. வண்டி போய் நின்னா சங்கிலிய இழு, வண்டில இன்னா இருக்குதுன்னு பாக்கறது உன் வேலை இல்லைன்னாரு. பத்து நாள் சம்பளம் போச்சு. அதுலேர்ந்து நான் வண்டியப் பாக்கறதே இல்லைக்கா. சுவரைத்தான் பாப்பேன்."

எனக்கு அப்போது உறைக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் என்னமோ புரண்டு உறுமியது. இத்தனை நாள் ஆசை, ஒரு வண்டி தூரத்தில் இருந்தது.

மந்திரி வந்தார். பாதையின் குறுக்கே சிவப்பு ரிப்பன். பின்னாலேயே காவலர்கள், கேமராக்காரர்கள். அப்போதுதான் ஒரு பிரச்சினை கிளம்பியது. முதல் சவாரி யாருக்கு? மந்திரி இருக்கும்போது ஒரு ரோடு பெருக்கி முதலில் போவது மரபு இல்லை என்று யாரோ காதில் ஓதினார்கள். மந்திரி நாற்காலியைப் பார்த்தார். அதன் காலில் காய்ந்த ரத்தம் ஒட்டியிருந்தது. தன் வெள்ளை வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"டைரக்டரே உக்காரட்டும்," என்றார். "அவர் ஐடியாதானே. மக்களோட வலியை அதிகாரிங்க உணரணும்."

டைரக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. காவலர்கள் என்னை வண்டியிலிருந்து இறக்கிச் சரிவின் முடிவில், கம்பி ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்தார்கள்.

"வி.ஐ.பி. முதல்ல, பயனாளி அப்புறம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்," என்றாள் வீணா. அதே மூச்சில் எனக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றி டைரக்டருக்குப் போட்டாள்.

மந்திரி ரிப்பனை வெட்டினார். டைரக்டர் வண்டியில் உட்கார்ந்தபடியே பேசினார். "இந்தப் பாதையில ஒரு மாற்றுத்திறனாளி அனுபவிக்கப்போற எல்லாத்தையும் முதல்ல நான் அனுபவிக்கணும்னு ஆசைப்படறேன். ஒரு சின்ன விஷயம்கூட விடாம."

நரேஷ் மணி அடித்தான். வண்டி சரிவில் உருண்டு வந்து சுவரில் மோதி நின்றது. கேமராக்கள் மின்னின. நரேஷ் சுவரைப் பார்த்தான். சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டினான்.

ஷட்டர் ஏறியது.

நான் தரையில் இருந்தேன், அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் ஒரு முன்னங்கால் வந்தது. அது டைரக்டரின் முழங்காலில் படிந்தது, ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி. பிறகு தலை வந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம்; சம்பிகே ரோட்டில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். ரத்தம் மான் படத்தின்மேல் பீச்சி அடித்தது. டைரக்டர் கத்தினார். மாலையிலிருந்த சம்பங்கியெல்லாம் உதிர்ந்து சிவந்துபோய்க் கிடந்தது. திருகாணியை நன்றாகத்தான் முடுக்கியிருந்தார்கள். நாற்காலி அசையவில்லை, அவர் நாற்காலிக் கையை விடவில்லை, புலி காலை விடவில்லை.

மற்றவர்கள் ஓடினார்கள். மந்திரிதான் முதலில். கூட்டம் மேலே ஏறும்போது வீணாவின் கையை மிதித்து முறித்தார்கள். கேமராக்காரன் ஒருவனைக் கீழே தள்ளி அவன் முதுகின்மேல் ஏறிப் போனார்கள். நரேஷும் சங்கிலியைக் கொக்கியோடு விட்டுவிட்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அங்கே இருந்தது டைரக்டர், புலி, நான். என்னுடைய மாற்றுத்திறன் என்ன என்று அப்போது தெரிந்தது. என்னால் ஓட முடியாது.

கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து போய்ச் சங்கிலியைப் பிடித்தேன். இருபது வருஷம் துடைப்பம் பிடித்த கை. கொக்கியிலிருந்து பிடுங்கி விட்டேன். ஷட்டர் தடதடவென்று இறங்கியது. பைரவா தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கால் அதோடு போயிற்று. டைரக்டர் வெளியே மிச்சம் இருந்தார்.

மந்திரி வெட்டிய ரிப்பன் கிடந்தது. அதை எடுத்து அவர் தொடையைச் சுற்றி, பல்லால் பிடித்து இறுக்கிக் கட்டினேன். சம்பிகே ரோட்டில் எனக்கு ஒரு இளநீர்க்காரர் துண்டால் கட்டினது இப்படித்தான்.

அப்புறம்தான் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன்.

பைரவா நின்றுகொண்டிருந்தது. மூன்று காலில், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து. வாயெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது, கால் இருந்த இடத்தைப் பார்த்தது, மறுபடி முகத்தைப் பார்த்தது. பாவம் என்று அது நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. லாரி ஏறிய நாளிலிருந்து எனக்கு வராத அழுகை அப்போது வந்தது, சந்தோஷமாக அழுதேன். அந்த ரத்தத்தில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குக் கவலையில்லை.

காவலர்கள் துப்பாக்கியோடு திரும்பி வந்தார்கள். படிக்கட்டில் என்னை விட்ட அந்தப் போன்காரனும் இருந்தான்.

"கதவு மூடியாச்சுய்யா," என்றேன். "அது உள்ளதான் கீது. சுடாதீங்க."

"மந்திரி ஆர்டர் குடுத்துட்டாரும்மா."

"ஓடறப்ப குடுத்த ஆர்டரா?"

"ஆர்டர் ஆர்டர்தான்."

என் தலைக்கு மேலே கம்பிக்குள் குழலை நீட்டிச் சுட்டார்கள். அது விழுந்த பிறகும் சுட்டார்கள். சூடான தோட்டாக் கூடுகள் என் மடியில் விழுந்து புடவை பொசுங்கியது. டைரக்டரை அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

மறுநாள் பேப்பரில் டைரக்டருக்கு அரைப் பக்கம், புலிக்கு அரைப் பக்கம். அருகில் இருந்த முனியம்மா என்ற பெண் காயமின்றித் தப்பினார் என்று கடைசியில் ஒரு வரி. விசாரணைக் குழு, மாற்றுத்திறனாளிகளுக்குப் பாதை அமைத்ததே விபத்துக்கு மூலகாரணம் என்று கண்டுபிடித்தது. கறிவண்டிப் பாதையைச் சுவர் வைத்து அடைத்தார்கள். நரேஷ் நடைமுறையை மீறவில்லை என்பதால் அவனைத் தண்டிக்க வழியில்லாமல், வேறு எதற்கோ தண்டித்தார்கள். எனக்கு வாழ்நாள் இலவச அனுமதி கொடுத்தார்கள்.

பைரவாவைப் பஞ்சு அடைத்துப் பூங்காவின் மாடிக் கூடத்தில், டைரக்டர் அறைக்கு எதிரே, வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றிருந்தது. சாவுக்குப் போகாமல் இருந்த மாதிரி ஒரு குறை. வெங்கடசாமி விலா எலும்பைத் தடவிக்கொண்டே லக்கேஜ் ஆட்டோ கொண்டுவந்தார். இந்தத் தடவை வாசலில் இலவச அனுமதியைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இரும்புக் கதவையே திறந்துவிட்டார்கள்.

ஆபீஸ் கட்டடத்துக்குப் போனால் அங்கே ஒரு சாய்தளம். அடடா, என்ன அழகு. நீளமாக, சரிவு தெரியாமல், ரப்பர் விரித்து, இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி போட்டு மாடிவரை போனது. இங்கேயும் நடுவில் மந்திரி நட்ட மரம் ஒன்று இருந்ததாம், அதை வெட்டிவிட்டிருந்தார்கள். டைரக்டர் வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே கட்டி முடித்தார்களாம். அது தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை: அலுவலர்களுக்கு மட்டும். பலகைக்குக் கீழே டைரக்டரே மோட்டார் நாற்காலியில் இருந்தார்.

"வாங்கம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. "உங்க வலி இப்பத்தான் எனக்குத் தெரியுது. நீங்களும் நானும் இப்ப ஒண்ணு."

"சந்தோஷம் சார். மேல போய் பைரவாவைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"இது ஸ்டாஃப் ரேம்ப்மா."

"நீங்களும் நானும் ஒண்ணுன்னீங்களே."

"வலில ஒண்ணு. ரேம்ப்ல எப்படி ஒண்ணாக முடியும்? உங்களை விட்டா எல்லாரும் வருவாங்க. எல்லாரும் வந்தா ரப்பர் தேஞ்சிடும்."

அவர் நாற்காலியில் ஒரு சாவி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்த முதலைக் குளத்தில் எறிந்தேன். மோட்டார் நாற்காலி, சாவி இல்லாமல் ஒரு அங்குலம் நகராது. டைரக்டர் காவலர்களைக் கூப்பிட்டார். அந்த வாசலுக்கே ஒரு சேவை உண்டு என்று சொன்னேன் அல்லவா, அதே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அக்குளில் கைகொடுத்தான், இன்னொருவன் மிச்சத்தைப் பிடித்தான். வழக்கப்படி பக்கத்துப் படிக்கட்டில் டைரக்டரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதி வழியில் ஒருவனுக்குப் போன் வந்தது.

அவர்கள் அவரைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் சாய்தளத்தில் தனியாக ஏறினேன். யாரும் தள்ளவில்லை, யாரும் தூக்கவில்லை.

கூடத்தில் கண்ணாடிக்குள் வைக்காமல் திறந்த பீடத்தில்தான் வைத்திருந்தார்கள். குண்டு பாய்ந்த ஓட்டைகளை அடைத்து வண்ணம் பூசியிருந்தார்கள். கண்ணுக்குக் கோலி. வாய் சிரிக்கிற மாதிரி. நான் கீழே பார்த்தேன். நாலு கால் இருந்தது.

கையில் கட்டோடு வீணா ஓடி வந்தாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன்.

"முழுசா இருந்தாத்தான் விசிட்டர்ஸ்க்கு நல்லா இருக்கும்னு ஃபைபர்ல செஞ்சது மேடம். பார்த்தா வித்தியாசமே தெரியல இல்ல?"

அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். தொடையோடு கழன்று வந்தது. தடுக்க வந்த காவலனின் மூக்கில் அதாலேயே போட்டேன், அவன் உட்கார்ந்துவிட்டான். போன்காரன் வந்தான், அவன் போன் பிடிக்கிற கையைப் பார்த்துப் போட்டேன். பைரவா ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, மூன்று காலில் நின்றது. இப்போதுதான் அது பைரவா.

போலீஸ் வந்தது. அரசு ஊழியரைத் தாக்கியது, அரசு சொத்தைச் சிதைத்தது, அழிந்துவரும் விலங்கின் காலை உடைத்தது என்று வழக்கு. என்னையும் அந்த ஃபைபர் காலையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் வாசலில் வேன் நின்றது. உயரமான கல் படிகள். போலீஸ்காரர்கள் படிகளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், என் மடியில் இருந்த காலைப் பார்த்தார்கள். தூக்க ஒருவரும் முன்வரவில்லை. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ரேம்ப் கேட்டு எழுதியிருக்கோம்மா," என்றார். "கட்டினதும் சொல்லி அனுப்பறேன். அப்ப வந்து அரெஸ்ட் ஆகிக்கோங்க."

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். சந்தில் யாரும் பாவம் என்று சொல்வதில்லை. பால்காரன் தள்ளி நின்று பால் ஊற்றுகிறான். ஸ்டேஷன் சாய்தளத்துக்கு டெண்டர் விட்டு உமேஷுக்கே கிடைத்திருக்கிறதாம். அவன் கட்டி முடிக்கிறவரை இந்த ஊரில் என்னைப் பிடித்து அடைக்க ஓர் இடமும் கிடையாது. பைரவாவைச் சுட ஆர்டர் கொடுத்த மந்திரியின் வீட்டு வாசலில் எத்தனை படி என்று எண்ணி வர வெங்கடசாமியை அனுப்பியிருக்கிறேன்.